விறகும் பொன்னும்: புறநானூற்று உவமை ஒன்றும் விறகு விற்ற படலமும்

உவமையைப் பற்றி எழுதுவோர், அஃது எப்பொருளை விளக்க வந்ததோ அப்பொருளையே பெரிதும் நோக்குவர். மன்னனது கொடையை விளக்க வந்த உவமையாயின் மன்னனும் கொடையுமே அவர்தம் கருத்தைக் கவர்கின்றன. உவமையாகி வந்த மாந்தர் யாவர், அவர்தம் தொழில் யாது, அத்தொழிலைப் பற்றிப் பாட்டைக் கேட்டோர் முன்னரே அறிந்திருந்தது என்ன என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஆயின் உவமை என்பது கேட்போர் அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை உணர்த்துவது. அறிந்த பொருள் பிற்காலத்தில் அறியாப் பொருளாய்விடின், உவமையும் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றது.

விறகு சுமந்து விற்பார் தொழில் அவ்வாறு நம் கண்ணினின்றும் மறைந்து வருகின்றது. ஆதலின் அத்தொழிலை உவமையாகவும் கதையாகவும் ஆண்ட இரண்டு இடங்களை மீண்டும் படித்துப் பார்த்தல் தகும். ஒன்று, புறநானூற்று 70ஆம் பாட்டு. மற்றொன்று, பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துள் 41ஆவதாகிய விறகு விற்ற படலம். இவ்விரண்டிலும் பாணன் ஒருவன் உளன், விறகும் உண்டு, அவற்றை அடுத்துப் பொன்னும் உண்டு. இம்மூன்றும் ஒருங்கு வருதல் ஆராயத்தக்கது. விறகு சுமந்தான் தன் சுமையால் பெற்ற ஊதியம் மட்டும் இரண்டிடத்தும் பேசப்படாமை அதனினும் ஆராயத்தக்கது. இவற்றை விளக்குதற்குத் தமிழகத்தின் வடமேற்கெல்லையில் உள்ள ஓசூர்ப் பகுதியின் விறகுத் தொழிலைச் சான்றாகக் கொள்வாம்.

1. கோவூர் கிழாரின் உவமை

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் பாடிய இப்பாட்டுப் பாணாற்றுப்படை என்னும் துறையின்பாற்படுவது. சீறியாழை உடைய பாணன் ஒருவனை நோக்கிப் புலவர் பேசுகின்றார். வளவனது நாட்டின் சோற்று வளத்தைச் சொல்லுகின்றார். விறலியோடு மெல்ல நடந்து சென்று அவனைக் கண்டால் செல்வம் உடையை ஆவாய் என்கின்றார். இறுதியில், அவன் கொடை ஐயத்திற்கு இடமாவதன்று என்று வற்புறுத்துகின்றார். விறகு கொணரச் சென்றவர் காட்டில் பொன்னைக் கண்டெடுத்தாற் போன்ற தற்செயல் நிகழ்ச்சி அன்று அவன் ஈகை என்பது அவர் கூறும் உவமை. இஃது எதிர்மறை உவமை. இன்னது போன்றது என்னாது, இன்னது போன்றதன்று என்று கூறிப் பொருளை உறுதிப்படுத்துகின்றார்.

இப்பாட்டைப் பயிற்றும்போது பொதுவாகக் கூறப்படும் விளக்கம், தற்செயலாகப் பெறுவதற்கும் உறுதியாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டோடு நின்றுவிடும். அது பிழையன்று, ஆயின் போதாது. தற்செயலாகப் பொன் பெறுவோர் எனக் கூற வேண்டின் உழவர், மீனவர், வணிகர் என யாரையும் கூறியிருக்கலாம். புலவர் விறகு சுமப்பாரைத் தேர்ந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை அத்தொழிலின் இயல்பில் உள்ளது. உழவன் ஒரு பருவத்தில் மிகுவிளைவு காணலாம். மீனவன் ஒரு நாளில் வலை நிறையப் பெறலாம். விறகு சுமப்பான் தன் தொழிலால் அவ்வாறு மிகுதி பெறுதல் இயலாது. அவன் பெறக்கூடியது அவன் தலை தாங்கும் அளவே. இன்று ஒரு சுமை. நாளையும் ஒரு சுமை. அவன் வாழ்வில் பொன் நுழைய வேண்டுமாயின் அது தொழிலின் வழியே நுழையாது. தொழிலுக்குப் புறம்பாக, மண்ணிற் கிடந்து, காலில் தட்டுப்பட்டே வர வேண்டும். ஆதலின் தற்செயல் என்பதற்கு இவனினும் சிறந்த உவமை இல்லை. புலவர் தேர்ந்தது அழகிற்காக அன்று. கணக்கறிந்து தேர்ந்தார் எனலாம்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. பாணனை மெல்ல நடந்து செல்லுமாறு புலவர் கூறுகின்றார். விரைய வேண்டா, கொடை அங்கே இருக்கின்றது, நீ எப்பொழுது சென்றாலும் கிடைக்கும் என்பது குறிப்பு. அவ்வடியை அடுத்தே விறகு சுமப்பார் வருகின்றனர். தலையில் சுமையோடு நடப்பவர் மெல்ல நடத்தல் அரிது. சுமை கழுத்தை அழுத்துமுன் ஊரை அடைந்துவிட வேண்டும் என்னும் விரைவு அவர் காலில் இருக்கும். மென்னடையும் சுமைநடையும் அடுத்தடுத்து நிற்றலால் பாணனது நிலையின் உயர்வு கேட்போர் உள்ளத்திற் படுகின்றது. இந்நுட்பம், சுமையை அறிந்தோர்க்கே புலனாகும்.

இவர்களைப் புலவர் விறகொய் மாக்கள் என்கின்றார். மாக்கள் என்னும் சொல்லைக் கண்டு, இஃது இழிவுக் குறிப்பு என்று சிலர் கொள்வர். தொல்காப்பியம் மரபியலில் மாக்களுக்கும் மக்களுக்கும் அறிவால் வேறுபாடு கூறப்பட்டிருத்தல் உண்மையே. எனினும் சங்கப் பாட்டுகளில் பரிசில் பெற வருவோரும் மாக்கள் என்றே சுட்டப்படுகின்றனர். பரிசிலர் தாமே புலவரும் பாணரும். ஆதலின் அச்சொல்லிலிருந்து இழிவைப் பெறுதல் பொருந்தாது. பாட்டில் உள்ள வேறுபாடு மதிப்பைப் பற்றியதன்று, உறுதியைப் பற்றியது. பாணனுக்குப் புரவலன் உளன். விறகு சுமப்பானுக்கு இலன். அவ்வளவே.

2. ஓசூர்ப் பக்கத்துச் சுமை

உவமையின் கணக்கு என்று மேலே கூறியது வெறுங் கற்பனையன்று என்பதைக் கண்கூடாகக் காட்டும் நிலம் ஓசூர்ப் பகுதி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து மேலகிரி மலைத்தொடரும் காவிரிக் கரைக் காடுகளும் கிடக்கின்றன. மறுபுறம் பெங்களூர் நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காடு ஒரு பக்கமும் பெருநகர் ஒரு பக்கமுமாக அமைந்த இவ்விடத்தில் விறகு விலைப்பொருளாதல் இயல்பே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் இந்நிலத்தில் அப்பொருளுக்குப் பெயரும் மூன்று. தமிழர் விறகு என்பதனைத் தெலுங்கர் கட்டெ என்பர். கன்னடியர் சௌதே என்றும் கட்டிகெ என்றும் கூறுவர். வாங்குவோர் மொழி எதுவாயினும் சுமை ஒன்றே.

விறகு என்னும் சொல்லின் பொருளை இங்கே சிறிது தெளிந்துகொள்ளல் நலம். மரத்தில் தானே உலர்ந்து வீழ்ந்த மெல்லிய கிளை சுள்ளி. வெட்டிய பருத்த துண்டு கட்டை. எரியும் துண்டு கொள்ளி. எரிந்து அவிந்தது கரி. எல்லாம் முடிந்தது சாம்பல். விறகு என்பது இவற்றுள் எந்த ஒரு வடிவத்தையும் குறிப்பதன்று; எரித்தற்கு என்று கருதப்பட்ட எதுவும் விறகே. எனவே ஒரு மரத்துண்டை விறகாக்குவது அதன் இயல்பன்று. அதனைப் பொறுக்கி, வெட்டி, உலர்த்தி, கட்டிச் சுமந்தாரது உழைப்பே. சொல்லினுள்ளேயே உழைப்பு அடங்கியிருத்தல் காண்க.

தொழிலின் முறை எளிது. ஆயின் வருத்தம் பெரிது. விடியலில் கொடுவாளும் கயிறும் கொண்டு காட்டுக்குச் செல்வர். செல்வோருள் பெண்டிர் பலர். உலர்ந்த கிளைகளையும், இக்காலத்துக் காடெங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் காய்ந்த தண்டுகளையும் சேர்ப்பர். அளவொத்த துண்டுகளாக்கி இறுக்கிக் கட்டி, தலையிற் சும்மாடு வைத்துச் சுமையை ஏற்றுவர். தனியே ஏற்றிக்கொள்ளுதல் அரிதாதலின் கூட்டமாகவே செல்வர். ஒருவர்க்கு ஒருவர் ஏற்றிவிட வேண்டும். வழியில் யானை அச்சமும் உண்டு. ஊரை அடைந்தபின் வீடுகளுக்கோ தேநீர்க் கடைகளுக்கோ விறகுக் கடைக்கோ விற்பர். கட்டாக விற்பின் பருமனைப் பார்த்து விலை. நிறுத்து விற்பின் எடையைப் பார்த்து விலை. ஈர விறகில் நீரே பாதி எடையளவும் இருத்தல் கூடும். எடைக்கு விற்பவனுக்கு ஈரம் ஊதியம். எரிப்பவளுக்கு அதுவே புகை. ஆதலின் இத்தொழிலில் பேரமெல்லாம் ஈரத்தைப் பற்றியதாகவே அமையும்.

விறகை வாங்கினோர் வீட்டார் மட்டும் அல்லர். ஓசூர்ப் பகுதி பட்டுப்புழு வளர்ப்பிற் பெயர் பெற்றது. பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டே நூல் எடுத்தல் வேண்டும். அவ்வெந்நீருக்கு விறகு வேண்டும். செங்கற் சூளைக்கும் மணமண்டபத்து அடுக்களைக்கும் விறகு வேண்டும். பெங்களூரின் தேவையோ மிகப் பெரிது. அந்நகரின் விறகு நுகர்வை ஆராய்ந்து ஏ. கே. என். ரெட்டியும் பி. சுதாகர் ரெட்டியும் 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விறகு நுகர்வைப் படிநிலைச் சமுதாயத்தின் ஒரு கூறாக அக்கட்டுரை ஆராய்கின்றது. வருவாய் மிக்கோர் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஏறிச் செல்ல, வறியோர் விறகிலேயே நின்றனர் என்பது அதனால் விளங்கும். விறகை விற்பாரும் வறியர். விலைக்கு வாங்கி எரிப்பாரும் வறியர். இடையில் வண்டியும் கடையும் வைத்திருப்போர்க்கே ஊதியம் சிறிது மிகும்.

இந்நிலையைக் கொண்டு கோவூர் கிழாரின் உவமையை மீண்டும் நோக்குக. தலையின் தாங்குமளவே வருவாயின் எல்லை என்று கூறியது இருபது நூற்றாண்டு கடந்தும் மாறாதிருத்தல் தெளிவு. பொன் தொழிலுக்குப் புறத்தேயிருந்தே வர வேண்டும் என்பதும் அவ்வாறே. உலகக் கதைகள் பலவற்றில் விறகுவெட்டிக்குப் பொன் கிடைத்தலையும் இங்கே நினைக்கலாம். ஆற்றில் கோடரியை இழந்தவனுக்குத் தேவதை பொற்கோடரி காட்டிய ஈசாப்புக் கதை நம் பள்ளிப் பாடநூல்களில் வழங்கியது. குகையிற் பொற்குவை கண்ட அலிபாபாவும் விறகுவெட்டியே. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1956இல் அக்கதையைத் தமிழ்த் திரைப்படமாக்கினர். கிரேக்க நாட்டிலும் அரபு நாட்டிலும் தமிழ் நாட்டிலும் விறகு சுமப்பானுக்குப் பொன் வியப்பாகவே வருகின்றது, கூலியாக வருவதில்லை. கதை வழங்கிய நாடுகள் வேறாயினும் தொழிலின் கணக்கு ஒன்றாதலின் கற்பனையும் ஒன்றாயிற்று எனலாம்.

3. எல்லையில்லாக் காடும் எல்லையிட்ட காடும்

ஓசூருக்குத் தென்கிழக்கே உள்ள தருமபுரியே பழைய தகடூர். 1965 முதல் 2004 வரை ஓசூரும் தருமபுரியும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் தனியே பிரிந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டுகளுள் மூன்று, மரத்தையும் தீயையும் பற்றிய உவமைகளால் நம் ஆராய்ச்சிக்குத் துணைசெய்கின்றன. அஞ்சி வரலாற்று மன்னன் என்பது 1981இல் கண்டறியப்பட்ட சம்பைத் தமிழிக் கல்வெட்டாலும் உறுதிப்பட்டது. ஆதலின் இப்பாட்டுகளை ஒரு நிலத்தோடு சார்த்திப் படித்தல் தவறாகாது.

புறம் 206இல், பரிசில் நீட்டித்தமை கண்டு ஔவையார் வாயில் காவலனை நோக்கிச் சினந்து பேசுகின்றார். கைத்தொழில் வல்ல தச்சன் சிறுவர் கோடரியோடு காட்டுக்குட் புகுந்தால் எத்திசையிலும் மரம் கிடைப்பது போல, தமக்கும் எத்திசைச் செல்லினும் சோறு கிடைக்கும் என்பது அவர் கூற்று. இங்கு வருபவர் விறகு சுமப்போர் அல்லர், தச்சர். அவ்வேறுபாடு கருதற்பாலது. தன் கல்வியை உவமிக்கப் புகுந்த புலவர் தொழில்நுட்பம் உடையாரைத் தேர்ந்தார். கோவூர் கிழாரோ உறுதியின்மையை உவமிக்கப் புகுந்தாராகலின் சுமப்பாரைத் தேர்ந்தார். எனினும் காடு இரு பாட்டிற்கும் பொது. புறம் 206இன் பெருமிதம் முழுதும் காட்டின் எல்லையின்மையில் நிற்கின்றது. எத்திசையும் காடு, எத்திசையும் மரம், தடுப்பார் இல்லை.

புறம் 315இல் அஞ்சியே மரமாகின்றான். வீட்டின் இறப்பிற் செருகிய தீக்கடைகோல் போலத் தோன்றாது இருக்கவும் வல்லன். அதனினின்று எழும் பெருந்தீப் போலத் தோன்றவும் வல்லன் என்பது கருத்து. புறம் 231இல் அவ்வஞ்சி இறந்து ஈமத்திற் கிடக்கின்றான். அவ்வீமத்தின் கரிந்த விறகுக்கு உவமை, புனம் எரித்த குறவன் வெட்டிப் போட்ட அரைவேக்காட்டுக் கட்டை. மன்னனது ஈமத்தைப் பாடும்போதும் ஔவையார்க்குக் கண்முன் நின்றது மலைவாழ் குறவனது எரிபுனம். இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்பின், காட்டில் நிற்கும் மரமும் கூரையில் ஒளிந்த தீயும் ஈமத்தில் கரிந்த விறகும் என ஒரு வாழ்வின் மூன்று நிலை தோன்றுகின்றன. ஔவையார் இவ்வரிசையைக் கருதிப் பாடினார் என்பது எம் கூற்றன்று. அந்நிலத்து மாந்தர்க்கு மரமும் தீயும் நாள்தோறும் கையிற் பட்ட பொருள்கள். ஆகவே பெருநிகழ்ச்சி எதற்கும் அவையே உவமையாக முன்வந்தன என்பதே கருத்து.

கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய புறம் 108இலும் இக்காட்சி உண்டு. குறத்தி அடுப்பில் மாட்டிய காய்ந்த கொள்ளி சந்தனமாதலின், அதன் புகை அருகிலுள்ள வேங்கைப் பூங்கிளையில் தவழ்கின்றது என்கின்றார். இதனை மலைவளம் என்று கூறி மேற்செல்லுதல் வழக்கம். ஆயின் இங்கு வளத்தினும் உரிமையே பெரிது. சந்தனத்தை விறகாக எரிக்கும் குறத்தியை யாரும் ஏன் என்று வினவவில்லை.

பின்வந்த வரலாறு இதற்கு மாறானது. திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். ஓசூர்ப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தால் காப்புக்காடுகள் எல்லையிடப்பட்டன. அவற்றுள் இசைவின்றி விறகெடுத்தல் குற்றமாயிற்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் பழங்குடியினர்க்கும் மரபுவழி வனவாழ்நர்க்கும் சிறு வனப்பொருள் உரிமையை ஒப்புக்கொண்டது. அப்பட்டியலில் குறுங்காட்டுச் சுள்ளியும் உண்டு. 2014இல் 504 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குக் காப்பிடமும், 2022இல் 686 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குக் காப்பிடமும் இப்பகுதிக் காடுகளில் அமைக்கப்பட்டன. காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை; வரம்பின்றி வெட்டின் காடும் இல்லை, விறகும் இல்லை. ஈண்டுக் கருதுவது ஒன்றே: எத்திசையும் காடு என்று ஔவையார் பேசிய பெருமிதத்தை இன்று படிக்கும் மாணவன், காட்டிற்கு எல்லை வந்த வரலாற்றை அறிந்தாலன்றி அதன் உயரத்தை அளத்தல் இயலாது.

4. விறகு விற்ற படலம்

இனிப் படலத்தை நோக்குவாம். வரகுண பாண்டியன் அவைக்கு வடபுலத்து இசைவாணனாகிய ஏமநாதன் வருகின்றான். தன் இசையால் அனைவரையும் வியப்பிக்கின்றான். அவனோடு பாடி வெல்லுமாறு மன்னன் பாணபத்திரனுக்கு ஆணையிடுகின்றான். அஞ்சிய பாணபத்திரன் ஆலவாய்ப் பெருமானிடம் முறையிடுகின்றான். பெருமான் விறகு சுமந்து விற்பானாக, யாழையும் உடன்கொண்டு, மதுரைத் தெருவிற் புகுந்து, ஏமநாதன் தங்கிய மனையின் திண்ணையிற் சுமையை இறக்கிச் சாதாரிப் பண்ணைப் பாடுகின்றார். கேட்டு மெய்ம்மறந்த ஏமநாதன் நீ யார் என வினவ, தாம் பாணபத்திரனிடம் பயின்றதாகவும், முதுமையால் இசைக்குத் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டதாகவும், அதனால் விறகு விற்றுப் பிழைப்பதாகவும் விடை கூறுகின்றார். தள்ளப்பட்ட மாணவனே இத்தகையனாயின் ஆசிரியன் எத்தகையனோ என அஞ்சி ஏமநாதன் இரவோடிரவாக ஓடிவிடுகின்றான். பெரும்பற்றப்புலியூர் நம்பியின் பழைய திருவிளையாடலிலும் இக்கதை உண்டு; அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1906இல் பதிப்பித்தார்.

கதையின் நயம் ஒரே ஓர் இடத்தில் நிற்கின்றது. தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டவன் வந்து சேரும் இடம் விறகுத் தொழில் என்பதை ஏமநாதன் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றான். நூலைக் கேட்டோரும் ஏற்றுக்கொண்டனர். முதல் வேண்டா, பட்டறை வேண்டா, பிறர் இசைவும் வேண்டா. வேறு எவ்வழியும் அடைபட்டவனுக்கும் காட்டுவழி திறந்திருந்தது. கடைசிப் புகலிடமான தொழில் என்னும் இப்பொது அறிவு இல்லையாயின் கதை நடவாது. இறைவன் மணி விற்பானாக வந்த படலமும் வளையல் விற்பானாக வந்த படலமும் இந்நூலிலேயே உண்டு. அக்கோலங்களுள் ஒன்றைப் பூண்டு வந்திருப்பின் ஏமநாதன் அஞ்சியிரான். வணிகன் ஒருவன் நன்கு பாடினான் என்று வியந்திருப்பான், அவ்வளவே. விறகு விற்பான் பாடியமையால்தான் அவன் அஞ்சினான்.

இங்கே புறம் 70ஐ அருகில் வைத்தல் வேண்டும். கோவூர் கிழார் யாழுடைய பாணனையும் விறகு சுமப்பாரையும் எதிரெதிரே நிறுத்தினார். நீ அவர் போன்றவன் அல்லை என்று பாணனுக்கு ஆறுதல் கூறினார். படலமோ அவ்விருவரையும் ஓருருவாக்கியது. தலையில் விறகு, உடன் யாழ். பாணன் புரவலனை இழந்தால் யாவனாவான் என்னும் வினாவிற்கு இவ்வுருவமே விடை. புறப்பாட்டுப் பிரித்து வைத்த எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் புராணம் காட்டிவிடுகின்றது. காலத்தால் நெடுந்தொலைவு பிரிந்த இவ்விரு நூல்களும் ஒன்றை நோக்கி ஒன்று எழுதப்பட்டன என்று கூற வேண்டுவதில்லை. இசையால் வாழ்வாரும் விறகால் வாழ்வாரும் அடுத்த வீட்டார் என்னும் எண்ணம் தமிழ் மரபில் மறையாது நின்றது என்று கூறினாலே போதும்.

பொன் எங்கே எனின், அஃது அடுத்த படலத்தில் உள்ளது. திருமுகம் கொடுத்த படலத்தில், பாணபத்திரனுக்குப் பொருள் கொடுக்குமாறு சேரமான் பெருமாளுக்கு இறைவனே திருமுகம் எழுதுகின்றார். சேரமானும் நிதி வழங்குகின்றார். பாணனுக்குப் பொன் புரவலனிடமிருந்து உறுதியாக வருகின்றது. கோவூர் கிழார் சொன்ன ஒழுங்கு மாறவில்லை. விறகுச் சுமையால் பெற்ற ஊதியமோ கதைக்கு வேண்டப்படவேயில்லை. பிட்டுக்கு மண் சுமந்த படலத்தோடு ஒப்பிட்டால் இக்குறை விளங்கும். அங்கே கூலி இன்னது எனக் கூறப்படுகின்றது. வேலையிற் பிழைத்தமைக்குப் பிரம்படியும் கூறப்படுகின்றது. அவ்வடி எல்லார் முதுகிலும் படுகின்றது. உழைப்பும் கூலியும் ஒறுப்பும் அக்கதையின் உயிர். விறகு விற்ற படலத்தில் உழைப்பு கோலமாக நிற்கின்றது, கதையாக ஆகவில்லை.

5. விலை கூறும் குரல்

விற்பாரது குரலைக் கேட்க நம் புலவர்க்கு விருப்பமில்லை என்று கூறுதல் இயலாது. அகநானூற்று 140, 390ஆம் பாட்டுகளில் அம்மூவனார் உமணப் பெண் தெருவில் உப்பு விற்கும் குரலைக் கேட்பிக்கின்றார். நெல்லுக்கு உப்பு ஒப்பான அளவு என்று அவள் கூவும் விலையையும் கூறுகின்றார். அவளது பண்டமாற்று அளவே தலைவன் காதற்பேச்சுக்குக் கருவியாகின்றது. உப்பிற்கு விலை உண்டு. விலை கூறும் குரல் உண்டு. அக்குரலுக்குரியாள் ஒருத்தி உண்டு. புறம் 70இன் விறகு சுமப்பார்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

விறகு விற்பானுக்குப் பிற்காலத்துக் குரல் கொடுத்தது திரைப்படம். 1965இல் வெளிவந்த ஏ. பி. நாகராசனின் திருவிளையாடலில் சிவாஜி கணேசன் விறகு சுமந்து தெருவில் பாடி வருகின்றார். கண்ணதாசன் எழுதிய அப்பாட்டு எளிய சொல்லால் அமைந்தது. மக்கள் நாவில் நிலைத்தது. ஆயின் அதன் பொருளை ஆராயின், விறகு அங்கும் யாக்கை நிலையாமைக்கு உவமையாகவே வருகின்றது. பசுமரம் போலத் தோன்றும் யாக்கை வீழ்ந்தபின் விறகுக்கும் ஆகாது என்பது அதன் கருத்து. ஔவையாரின் ஈம விறகை அப்பாட்டுத் தொலைவிலிருந்து தொடுகின்றது, விற்பனையைத் தொடவில்லை. தெருவில் விறகு விற்பவன் விலை கூவாது மெய்ப்பொருள் கூறிச் செல்கின்றான். பாட்டின் சிறப்பு அதனாற் குறையாது. விறகு என்றவுடன் நம் கற்பனை அடுப்பை விட்டு ஈமத்திற்கு ஓடும் இயல்பை அது புலப்படுத்துகின்றது.

புராணத்தில் பொருளியல் தேடுதல் பொருந்துமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். அருள் விளையாட்டைக் கூற வந்த நூலிடம் கூலிக் கணக்குக் கேட்டல் முறையன்று என்பர். நூல் கூறாததை நூலின் குற்றமாக்குதல் எம் கருத்தன்று. ஆயின் அருளின் எளிமை எவ்வளவு என்பதை அளக்க வேண்டுமாயின், இறைவன் இறங்கி வந்த படி எவ்வளவு தாழ்ந்தது என்பதை அறிதல் வேண்டும். சும்மாட்டின் அழுத்தத்தை அறியாதான், தலையில் விறகேற்றிய பெருமானைக் கண்டு வியத்தற்கு ஒன்றும் இல்லை. ஆகவே தொழிலை அறிதல் பத்திச் சுவைக்குப் பகையன்று, துணையே.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். புறம் 70இல் விறகு சுமப்பார் உவமையாயினமைக்குக் காரணம், தொழிலால் மிகுதி பெற இயலாத அவர்தம் நிலை. விறகு விற்ற படலத்தின் கதைநயம், அத்தொழில் தள்ளப்பட்டார்க்கெல்லாம் கடைசிப் புகலிடம் என்னும் பொது அறிவில் நிற்கின்றது. முன்னது பிரித்து வைத்த பாணனையும் விறகு சுமப்பானையும் பின்னது ஒன்றாக்கியது. இரண்டிலும் பொன் உண்டு. விறகின் ஊதியம் இல்லை.

இவ்வாராய்ச்சிக்கு இது தக்க காலம். தொழிற்பேட்டைகளால் வளர்ந்த ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. எரிவாயு அடுப்பு ஊர்ப்புறத்தும் பரவிவிட்டது. அது நன்மையே. வீட்டடுப்புப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியும் உண்டவர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். இன்று நெடுஞ்சாலை உணவகங்கள் விறகடுப்புச் சமையல் என்று பலகை எழுதிச் சுவையை விற்கின்றன. வறுமையின் அடையாளமாய் இருந்தது சுவையின் அடையாளமாகின்றது. இம்மாற்றம் முற்றுப்பெற்றபின் கோவூர் கிழாரின் உவமையைப் படிக்கும் மாணவன், விறகு கொணரச் சென்றாரை இன்பச் செலவு போனாராகக் கருதினும் வியப்பில்லை.

அவ்வாறு நேராமைக்கு ஆய்வு மாணவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. சும்மாடு, கட்டு, சுமை, ஈரம், எடை என்னும் இத்தொழிற் சொற்களை, ஓசூர் முதலிய காட்டோர ஊர்களில் அவற்றை இன்னும் வழங்கும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். மும்மொழியும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் அத்தொகுப்பு மொழியாராய்ச்சிக்கும் பயன்படும். பொன்னை மன்னர் கல்வெட்டுகளும் மெய்க்கீர்த்திகளும் காத்துவைத்துள்ளன. விறகின் விலையை அறிந்தோர் இன்னும் சிலரே உளர். அவர் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளுதலும் புறநானூற்றுக்கு உரை காணுதலே ஆகும்.